மிஷின் ஓடும்போது சொன்ன சொல்

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன். சபையில் சாட்சி சொல்கிறவள் மாதிரி எழுந்து நின்றும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒரே ஒரு சொல், அதற்கு மலையாளத்தில் ஒரு அர்த்தம், தமிழில் வேறொரு அர்த்தம், அதில் ஒருத்தியின் பார்வை போயிற்று என்றால் யார்தான் உச்சுக் கொட்ட மாட்டார்கள்? பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊர்களில் ஒரு பாஷையில் பேச்சைத் தொடங்கி இன்னொன்றில் முடிக்காதவர்கள் கிடையாது. அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மிஷினுக்கு வச்சிருக்கிய காப்புத் தகடு உன் வாய்க்கும் ஒண்ணு வைக்கணும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து காடு வெட்டுகிற வேலை எடுத்தோம். ரப்பர் தோட்டங்களில் மரங்களுக்கு நடுவே புல்லும் புதரும் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். அதை வெட்ட ஆண்கள் கொண்டுவருகிற மிஷின் உண்டே, தோளில் பெல்ட் மாட்டி, நீளக் குழலின் நுனியில் இரும்பு பிளேடு சுற்றுமே, அந்த மிஷின்தான். பெட்ரோலில் ஓடும். எங்களுக்கு மூன்று கிடைத்தது, இரண்டு பேருக்கு ஒன்று. முதல் நாள் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது சாயாக்கடையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு உங்க தாடியையும் இதில வெட்டித் தாறேன்" என்றேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

என் ஜோடி, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு கீழே இருப்பவள். என்னைவிட ஏழு வயது இளையவள். நான் சபைக்காரி, அவள் கோயிலுக்குப் போகிறவள். பண்டிகைக்குப் பலகாரம் இரண்டு பக்கமும் போய்வரும். என்னை எக்கா என்பாள். அவள் புருஷன் சந்தையில் சுமடு எடுக்கிறவர், மூட்டை தூக்குகிற வேலை. அவளுக்குச் சின்ன வயதிலேயே இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். ஆள் அடையாளம் தெரியாது. அவளுடைய பார்வை முழுக்க வலது கண்ணில் இருந்தது. இது ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மிஷின் தருமுன் இரண்டு நாள் கிளாஸ் இருந்தது. சொல்லித்தர வந்தவர் ஒல்லியான மனிதர், மலையாளம் மட்டும் பேசுகிறவர். "எல்லாவருக்கும் கண்ணு நல்லதல்லே" என்று கேட்டார். எல்லோரையும்விட உரக்க "நல்லதாக்கும்" என்று சொன்னவள் இவள்தான். நான் அவள் தொடையில் கிள்ளினேன். "பேசாத இரு எக்கா, வேலை போயிரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நானும் பேசாமல் இருந்தேன்.

அந்த மனிதர் சொல்லித்தந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டுவதற்கு முன்னால் இடம் முழுக்க நடந்து கல், பாட்டில், கம்பி எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ஷூ போட வேண்டும். ஹெல்மெட்டில் இருக்கிற கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட வேண்டும். மிஷினை இன்னொருத்தி கையில் கொடுப்பதற்கு முன்னால் இஞ்சினை ஆஃப் பண்ணி, பிளேடு நின்றபிறகுதான் அவளைக் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தை அவர் மூன்று தடவை சொன்னார். அப்புறம், "பதினஞ்சு மீட்டர் ஆளு மாறி நில்க்கணம்" என்றார். பதினைந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று அர்த்தம். இவள் என் காதில், "ஆளு மாறி நிக்கணுமாம் எக்கா. அப்போ எனக்குப் பதிலா என் மாப்பிளைய நிறுத்தினா போதும் போல" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி நடித்தேன்.

ஒரு மிஷினுக்கு ஒரு ஹெல்மெட்தான் வந்தது. "அப்போ சும்மா நிக்கியவளுக்கு?" என்று நான் கேட்டேன். நிற்கிறவள் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்பாளே, அவளுக்கு எதற்கு என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவள் அங்கேயே நின்றிருந்தால் சரிதான்.

வேலை தொடங்கியதும் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒருத்தி வெட்டுவாள், இன்னொருத்தி அடுத்த வரிசையில் கம்பியும் கல்லும் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பாள். பாதி டாங்க் தீர்ந்ததும் வெட்டுகிறவள் "மாறு" என்று கூப்பிடுவாள். மற்றவள் வந்து ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் வாங்கிக்கொள்வாள். ஆள் மாறு, என்னை மாற்று, அதுதான் அந்த "மாறு". ஆனால் அதே வாயால் ஆட்டைப் பார்த்தாலும் "மாறு" என்போம், வழியில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தாலும் "மாறு" என்போம். அது மலையாள மாறு, விலகிப் போ என்று அர்த்தம். ஒரே சொல்லில் வா என்றும் போ என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எது எந்த மாறு என்று பிறந்ததிலிருந்து தெரியும் எங்களுக்கு. யாரும் குழம்பியதில்லை. இதையும் நான் கதை சொல்லும்போது விட்டுவிடுவேன்.

அன்றைக்கு ஆரியங்கோட்டுக்கு மேலே ஒரு தோட்டம். இரண்டு வருஷமாகப் பால் எடுக்காமல் கிடந்தது. கம்யூனிஸ்ட் பச்சை என்கிற காட்டுச்செடி என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய தொல்லை கம்பிதான். ரப்பர் மரத்தில் பால் சிரட்டையைத் தாங்க ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். அது துருப்பிடித்து அறுந்து புல்லுக்குள் விழுந்து கிடக்கும். அன்று காலைச் சாயாவுக்கு முன்னாலேயே இவள் அரைச் சாக்கு கம்பி பொறுக்கியிருந்தாள். ஒற்றைக் கண்ணால் குனிந்து குனிந்து பொறுக்கினாள். "ஏட்டி, உன் ஒரு கண்ணு என் ரெண்டு கண்ணுக்குச் சமம்" என்றேன். "அதாக்கும், கண்ணு ஒண்ணானா கருத்து கூடும்" என்றாள்.

பத்தரை மணி இருக்கும். நான் வெட்டிக்கொண்டிருந்தேன். "மாறு" என்று கத்தினேன். அவள் வந்தாள். நாலடி தூரத்தில் இருக்கும்போது பிளேடு எதிலோ பட்டு 'கிணிங்' என்றது. கம்பித் துண்டு ஒன்று தெறித்தது. அவளுக்கு ஹெல்மெட் இல்லை, அது என் தலையில் இருந்தது.

அவள் கத்தவில்லை. "எக்கா, என்னமோ பட்டுது" என்றாள். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பஸ் ஹாரனும் கடைச் சத்தமுமாக இருக்கிற இடத்துக்கு வந்தபிறகு, "எக்கா, ஆரியங்கோடு தாண்டியாச்சா?" என்று கேட்டாள். நாங்கள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். "தாண்டியாச்சு மக்கா" என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்து உடனே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

அங்கே இரண்டு ஆபரேஷன் நடந்தது. டாக்டர் பெண், நல்ல பெண். அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடிந்தது, அதில் பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொன்னாள். கண் இருக்கும், தெரியாது. இடது கண்ணையும் பார்த்தார்கள். அந்தப் பூவை எடுக்கிற காலம் தாண்டிவிட்டதாம், நரம்பே சோம்பிப் போய்விட்டதாம். பட்ட காலிலே படும் என்பார்கள். கேட்டுக் கேட்டு அர்த்தமில்லாமல் போன பழமொழி, அன்றைக்கு அந்த வராந்தாவில் எனக்கு அர்த்தமாயிற்று.

பொய் பிறந்ததும் அதே வராந்தாவில்தான். அவள் புருஷன் விபத்து நடந்த அன்றே சாயங்காலம் சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தலையில் சும்மாட்டுத் துணிகூட அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்து, "என்ன நடந்துது எக்கா? அவ எதுக்கு மிஷின் பக்கம் போனா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நான் மாறுன்னு சொன்னேன்" என்றேன். அதுவரைக்கும் உண்மை. மேலே சொல்வதற்குள் அழுகை வந்தது.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ பாவமே. நீ மாறி நிக்கச் சொன்னத அவ ஆள் மாறக் கூப்பிட்டதா எடுத்துட்டாளா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கதையை அவரே கட்டி என் கையில் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் ஆறு பேரில் மற்ற நான்கு பேரும் வந்தபோது அவரே அதைச் சொன்னார். மூன்றாம் நாள் நானே சொன்னேன். ஒரு வாரத்தில், "நான் கம்பியப் பாத்தேன், அதனாலயாக்கும் மாறுன்னு கத்துனேன்" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கம்பியைப் பார்த்தவள் கையை எடுக்காமல் எதற்கு வெட்டினாள் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. சொல் விளையாட்டு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஒல்லி மனிதர்கூட வந்து கேட்டுக்கொண்டு போனார். இப்போது அவர் எல்லாக் கிளாஸிலும் இந்தக் கதையைச் சொல்கிறாராம். கூப்பிட "வா", விலக்க "போ", வேறு சொல் கூடாது என்று சட்டமே ஆகிவிட்டது. இரண்டாவது ஹெல்மெட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார். பழக்கத்தில் வந்த பேச்சுதான். நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நடந்தது இதுதான். எனக்கு வலது தோளில் ஒரு வருஷமாக வலி. சூடான மிஷினை ஆஃப் பண்ணினால் அப்புறம் லேசில் ஸ்டார்ட் ஆகாது, கயிற்றை ஏழெட்டுத் தடவை இழுக்க வேண்டும். அதனால் நான் ஆஃப் பண்ணாமலே கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக அப்படித்தான். அவள் என்னிடம் தரும்போது ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணித்தான் தருவாள். "எக்கா, அணைச்சிட்டுக் கூப்பிடு" என்று இரண்டு தடவை சொன்னாள். "போடி, சட்டம் படிக்காத. இழுக்கியது என் தோளாக்கும்" என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். என் நாக்குக்கு முன்னால் அவள் எப்போதும் நிற்க மாட்டாள்.

அன்றைக்கு நான் சொன்னது தமிழ் மாறுதான். வா என்றுதான் கூப்பிட்டேன். களைத்துப் போயிருந்தேன். அவள் காதுக்குக் கேட்கட்டும் என்று ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டேன், கூப்பிட்டேன், பிறகு அவள் வந்து சேருவதற்குள் முன்னால் நிற்கிற அந்த ஒரு புதரையும் முடித்துவிடலாமே என்று திரும்ப அழுத்தினேன். கம்பியை நான் பார்க்கவே இல்லை. அவள் தப்பாகப் புரிந்துகொள்ளவும் இல்லை. கூப்பிட்டதும் வந்தாள்.

ஒற்றைக் கண்காரி என்று தெரிந்தும் இதைச் செய்தேன். இது என் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. சபையில் முழங்காலில் நின்று கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சொல்வது லேசு, அவர் இரண்டு வீடு கீழே குடியிருக்கவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எத்தனையோ நாள் போனேன். போனால் அவள் என் காலடிச் சத்தத்திலேயே, "எக்கா வந்தியா? கட்டன் சாயா குடிக்கியா?" என்பாள். அடுப்பைத் தடவிப் பற்றவைப்பாள். எனக்கு உயிர் போய் உயிர் வரும். "நீ இரு, நான் போடுறேன்" என்றால், "எல்லாத்தையும் நீயே செஞ்சா நான் எப்பப் படிக்கியது?" என்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி அவள் முன்னாலேயே, "உனக்குக் காது எங்க போச்சு? மாறுன்னா மாறி நிக்கணும்லா" என்று சொன்னாள். நான் அங்கேயே இருந்தேன். இவள் சிரித்தாள். "என் காது தப்பு" என்றாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நான் சாப்பிட்டேன், தூங்கினேன். மனுஷி எதற்கும் பழகிவிடுகிறாள்.

போன மாதம் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. விபத்தில் பார்வை போனவர்களுக்கு உதவி கேட்கிற தாள், மலையாளத்தில். அவள் படித்தது தமிழ்ப் பள்ளியில், அவள் புருஷனுக்கு எழுத்து வராது. "எக்கா எழுதித் தரும்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் எழுதினேன். ஆறாவது கேள்வி, விபத்து எப்படி நடந்தது. நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் எங்கள் வேலைக் கூட்டத்திலிருந்து என்னை எடுப்பார்கள், அது போகட்டும். இவள் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த நியாயக்கேட்டை நினைத்தும் வாய் திறக்கவில்லை.

"என்ன எக்கா, எழுத்து நின்னு போச்சு?" என்றாள்.

"எப்படி நடந்துதுன்னு கேக்கான்" என்றேன்.

"எல்லாரும் சொல்லியது மாதிரியே எழுது. மாறச் சொன்னது எனக்கு வெளங்கல்லன்னு எழுது."

எழுதினேன். விலகி நிற்கச் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் போனதால் என்று, அழகான கையெழுத்தில், நாலு வரிக்குள் அடங்குகிற மாதிரி எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"நீ கூப்பிட்டதுக்குப் பொறவு சத்தம் கூடிச்சு எக்கா" என்றாள். "நான் நடந்து வாறேன், மிஷின் திரும்பவும் இரைஞ்சுது. ஒருவேளை ஆக்சிலரேட்டர் பிடிச்சிட்டுதோ, எக்கா கை சிக்கிட்டுதோன்னு நினைச்சு நான் கொஞ்சம் வேகமா வந்தேன்."

இவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோதும் தெரியும், அடுப்பைத் தடவினபோதும் தெரியும். நான் ஏதாவது சொல்லட்டும் என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்குக் கொடுத்தது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும்.

நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சரி, ஒப்பு எங்க போடணும்?" என்று கேட்டாள்.

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானமே நான் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.